இருபத்துநாலில் நின்ற சுவிட்ச்

லேப்டாப்புக்கு யுனிவர்சல் அடாப்டர் வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஒன்றுதான். அளவு தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் சார். நாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ராஜபாளையத்து நாய்தான், ஆனால் ஒயரைத் தவிர வேறெதையும் கடிக்காது.

அதைப் பழக்கியது நான்தான். என் மகள் இந்துவின் சார்ஜர் ஒயரில் கொஞ்சம் பால்கோவா தடவி வைத்தேன். நக்கி முடிப்பதற்குள் ஒயர் இரண்டாகிவிட்டது. அன்று பிற்பகல் அவளுக்குப் புனே கம்பெனியின் ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்பில் புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டுமாம். வேலை கிடைத்தால் புனேக்கே போய்விடுவாள். அவள் அம்மா இறந்த பிறகு இந்த வீட்டில் மிச்சம் நாங்கள் இருவரும் நாயும். நாய்க்குச் சமைக்கத் தெரியாது.

சார்ஜர் வாங்கப் புறப்பட்டவளை நான் தடுத்தேன். "ஏட்டி, வெயில்ல நீ எதுக்கு அலையுத? உக்காந்து படி. நான் வாங்கிட்டு வாரேன்."

உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஆகவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்கே ஜபருல்லா என்கிற கடைக்காரர், பொறுமைசாலி, அடாப்டரைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"அண்ணாச்சி, லேப்டாப் அடியில எம்புட்டு வோல்ட்டுன்னு போட்டிருக்கும், பாத்தியளா?"

"பத்தொம்பது."

"அப்ப இந்த சுவிட்சு பத்தொம்பதுலயே நிக்கணும். இருபத்துநாலுக்குத் தள்ளிராதிய. உள்ள போர்டு புகைஞ்சி போயிரும்."

"எம்புட்டு நேரத்துல?"

அவர் சிரித்தார். "நல்லாக் கேக்கிய, போங்க."

நானும் சிரித்தேன். பதில் மட்டும் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சுவிட்சை நகத்தால் இருபத்துநாலுக்குத் தள்ளி, மேலே கறுப்பு டேப் ஒட்டினேன். தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டு, இன்டர்வியூ தொடங்கப் போகும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"எல்லாம் சரியா வச்சிருக்காப்பா?"

"கடைக்காரரே வச்சிக் குடுத்தாரும்மா."

ஜபருல்லா சொல்லாமல் விட்டதை அப்போது தெரிந்துகொண்டேன். 'குட் ஆஃப்டர்நூன் சார்' என்று சொல்லி முடிக்கிற நேரம்தான்.

கருகல் வாடை வந்தது. திரை இருண்டது. இந்து அடாப்டரைத் திருப்பி, டேப்பை உரித்து, எண்ணைப் படித்தாள். அழவில்லை. "நேர்லயே போய் அவங்ககிட்ட கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, துணி எடுத்து வைக்க அறைக்குள் போனாள்.

நான் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினேன். மலையிலிருந்து குரங்குகள் இறங்குகிற காலம் சார். அறைக் கதவைத் திறந்து போட முடியாது.

அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது சமைப்பது நான்தான். ஜன்னல் கம்பி வழியாகத் தட்டை நீட்டுகிறேன். போனை வெளியே கூடத்து மேசையில் விட்டுவிட்டாள். அதற்குச் சரியான சார்ஜரைப் போட்டு, சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். புனேயிலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறார்கள். நல்ல மனிதர்கள் போலிருக்கிறது.

மகளை அடைத்து வைத்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு அய்யம்மாள் உங்களிடம் சொன்னாளாம். அது தப்பு. சாவி இதோ என் இடுப்பில்தான் இருக்கிறது. இந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாளே தவிர, இதுவரை ஒரு தடவைகூட என்னிடம் சாவி கேட்கவில்லை.