ஸ்ட்ரைக்கில் எழும்பிய சுவர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கேம்பஸ் பிள்ளைகள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

“துஆ கேளு புள்ள, இந்த கேம்பஸ் ஸ்ட்ரைக் இன்னும் ரெண்டு மாசம் இழுபடணும்.”

“உனக்கென்ன பைத்தியமா? நாலு வருசப் படிப்பு, ஆறாவது வருசம் ஓடுது.”

“கடைசிச் சோதினை முடிஞ்ச கையோட கலியாணமெண்டு மாப்பிள்ள ஊட்டுக்காரங்களுக்கு வாப்பா வாக்குக் குடுத்திட்டாரு. எங்கட ஊருல பொண்ணுக்கு ஊடு கட்டிக் குடுக்காமக் கலியாணமா? இப்பதான் சுவர் எழும்பியிருக்கு.”

“இவ்வளவு நாளும் என்ன செஞ்சாரு?”

“கொரோனாக்கு மூடினப்ப அத்திவாரம் போட்டாரு. போன ஸ்ட்ரைக்குல பாதிச் சுவர். வெள்ளத்துக்கு மூடினப்ப மட்டும் ஒண்டும் நடக்கல்ல, சீமெந்து நனைஞ்சிட்டு.”

“நீ படிக்கிறியா, கல்லுச் சுமக்கிறியா?”

“ஊடு கட்டுற இடத்துல இருந்துதான் சத்தமாப் படிக்கிறன். நான் இடையில நிப்பாட்டினா மிச்சத்த சுவர் கட்டுற மேசன் காக்கா பாடமாச் சொல்லுறாரு.”

நிந்தவூர் தாண்டும்போது இருவரின் போன்களும் ஒன்றாகச் சத்தமிட்டன. மற்றவள்தான் முதலில் வாசித்தாள்.

“ஸ்ட்ரைக் முடிஞ்சி! அடுத்த மாசம் கடைசிச் சோதினையாம்!”

ஜன்னலோரத்தவள் தலையில் கை வைத்தாள்.

“யா அல்லாஹ், ஒண்டும் முடியல்லியே!”

“பயப்படாத. ஒரு மாசம் இருக்கு, படிச்சிரலாம்.”

“படிப்பு எப்பவோ முடிஞ்சி புள்ள. நான் கூரையச் சொல்லுறன்.”