ஒட்டாத சீட்டு

காலை ஆறே முக்காலுக்கு நான் வீடு திரும்பும்போது கூடக் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக் தன் வேலைக்குப் போயிருப்பான். அவன் திரும்பும்போது நான் குளிர்கிடங்கில் காவலுக்கு உட்கார்ந்திருப்பேன். ஒரே வீட்டில் குடியிருந்தோம், முகம் பார்த்தது அபூர்வம். பேச்செல்லாம் ஃபிரிட்ஜ் கதவில், மஞ்சள் ஸ்டிக்கி நோட்டில்தான்.

அவனுக்கு ஒரு பழக்கம். விஷயம் நீண்டால் சீட்டின் மேல் சீட்டாக ஒட்டுவான். "அண்ணே, ஒரு முட்டை தலைமறைவு" என்றிருக்கும். உரித்தால் அடியில் "போலீஸுக்குப் போகவா?" என்று இன்னொன்று. "சரணடைகிறேன்" என்று பதில் ஒட்டினேன். அதை நினைத்து ஒரு வாரம் சிரித்தேன். வேறு யாரும் எனக்கு எதுவும் எழுதுவதில்லை.

படித்ததை எறிய மாட்டேன். தலையணை உறைக்குள் நீங்கள் பார்த்தது அவைதான், சார்.

வியாழக்கிழமை கேஸ் ஹீட்டர் பார்க்க ஆள் வந்தார். புகைக்குழாயில் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றும்வரை பற்றவைக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால் உயிர் போவதே தெரியாது என்றார். வால்வை மூடினார். கூட இருப்பவரிடமும் சொல்லிவிடச் சொன்னார்.

பெரிய எழுத்தில் எழுதினேன். ஒட்டப் போனபோது அவன் சீட்டு இருந்தது. "அண்ணே, வேற வீடு பார்த்துட்டேன். ஒண்ணாம் தேதி போறேன்."

என் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவனுடையதை மட்டும் உரிக்க மனம் வரவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். அவன் மெக்கானிக். மூடிய வால்வைத் திறக்கத் தெரிந்தவன்.

மறுநாள் அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே சிலிண்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன். கெட்டிலில் தேநீர் போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றி, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முதல் முறையாக ஒரு நாள் முழுக்க வீட்டில் இருவரும் இருந்தோம். சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டேன்.

நான் எதுவும் செய்யவில்லை, சார். ஒரு சீட்டை ஒட்டவில்லை, அவ்வளவுதான். விட்டுவிட்டுப் போக நினைத்தவன் அவன்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவந்ததை மேசைமேல் வைக்கிறீர்கள். மேல் சீட்டை உரிக்கிறீர்கள்.

"'ரெண்டு ரூம் இருக்கு, நீங்களும் வந்துடுங்கண்ணே'ன்னு அடியில எழுதியிருக்கே. நீங்க இதைப் படிக்கலையா?"