இருபது செகண்ட் முன்னால்

— ரமா, இந்த பால் பவுண்டரி போகும் பாரு.

— போடறவன் இன்னும் ஓடியே வரலை... அதுக்குள்ள எப்படித் தெரியும்?

— பக்கத்தாத்துல கானிட்கர் கத்தினானே, கேக்கலையா?

— கேட்டுது. அவாத்துல டிஷ். நீங்க நெட்டுல பாக்கறேள். இருபது செகண்ட் லேட்டாத்தான் வரும்னு நம்ம பொண்ணு வைஷு வந்தப்போ சொல்லிட்டுப் போனா.

— போச்சா? பவுண்டரி.

— பெரிய ஜோசியர்தான். நம்ம டிஷ்ஷும் சும்மாதானே கெடக்கு. அதுல பாருங்களேன்.

— நெட்டுல தமிழ் கமெண்டரி வரது.

— ஆனா நீங்க ஹிந்தியிலன்னா வெச்சிருக்கேள்.

— பழக்கம்... அப்போ ஒரே சேனல், ஒரே கமெண்டரி. பில்டிங்குக்கே அவாத்து டிவி ஒண்ணுதான். எனக்கு ஹிந்தி வந்ததே அதுலதான். அவனுக்கும் அரைகுறைதான். ரெண்டு பேரும் தப்புத்தப்பாப் பேசிண்டே நாப்பது வருஷம் ஓடிடுத்து.

— இந்தியா ஜெயிச்சா மாடிப்படியில நின்னு எல்லாருக்கும் பேடா குடுப்பார்.

— இப்ப அவன் மராத்தியில பாக்கறான். அவாவா பாஷையில, அவாவா ஆத்துக்குள்ள.

— அது காரணமில்லை. நியூஸ் சேனல்ல நாலு பேர் பாஷைச் சண்டை போட்டான்னு, நீங்களும் அவரும் இங்க போட்டேளே...

— அவன்தான் ஆரம்பிச்சான். இத்தனை வருஷமா இங்க சாப்பிடறே, மராத்தி பேசலைன்னான்.

— நீங்க என்ன சொன்னேள்?

— உன் ஊர்ல எனக்கு யார் இருக்கான்னேன்.

— ரெண்டு பேரும் பேசி ஏழு மாசம் ஆச்சு.

— எண்ணிண்டு வேற இருக்கியா... உஷ். கத்தறான். சிக்ஸர்.

— ஃபோரா இருக்கும்.

— ஃபோருன்னா வெறும் கத்தல். சிக்ஸருக்கு மேஜையைத் தட்டுவான்... பாத்தியா? சிக்ஸர்.

— இதுக்குத்தான் டிஷ்ஷை விட்டேளா?

— அப்போல்லாம் தளேகாவ் ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிஞ்சு வருவேனா. நான் படி ஏறறதுக்குள்ள மேலேர்ந்து ஸ்கோரைக் கத்துவான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிஷ்ல பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரிஞ்சுடும். அப்புறம் அவன் எனக்குச் சொல்ல என்ன இருக்கு?

— அது ஒண்ணும் மேஜை இல்லை.

— எது?

— அவர் தட்டறது. அவர் ஆத்துக்காரி, வஹினிதான் சொன்னா. டிவி ஹால்ல இருக்காம். நம்ம சுவர்ப்பக்கம் பெட்ரூம். ஒவ்வொரு தடவையும் அந்த முட்டிவலியோட எழுந்து வந்து, சுவரைப் பாத்துக் கத்தி, சிக்ஸர்னா சுவரையே தட்டிட்டுப் போறாராம்.

— ...நான் லேட்டாப் பாக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?

— நீங்க நெட்டுக்கு மாத்தின அன்னிக்கே நான்தான் போய்ச் சொன்னேன். அதே ஓட்டை ஹிந்தியில, ஹால்லேர்ந்து வரதுக்கு இருபது செகண்ட் போதுமான்னு கேட்டார்.