காப்புக் கட்டிய சர்வர்

இரவு இரண்டு மணி. திருப்பூரில், முதலிபாளையத்திலிருந்து ராயபுரம் போகிற சாலை... ஒரு நாய்கூட இல்லை. நம் அனுப்ரியாவின் சித்தப்பா குகன் பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தார். திடீரென்று பின்சீட் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல.

ஆவியில் வெந்த துணி வாசம்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை... யாரென்று தெரியும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

பனியன் கம்பெனி மெஷின்களை இயக்குவதற்கென்று லினக்ஸ் மென்பொருளில் ஒரு தனிப் பதிப்பு உண்டு. அதைப் பராமரிப்பவர் குகன். விசிட்டிங் கார்டில் 'பதிப்புத் தலைமைக் காவலர்' என்றிருக்கும். காவலுக்கு இருந்ததே அவர் ஒருவர்தான். புதுப் பதிப்பு வெளிவருமுன் சில வாரங்கள் 'ஃப்ரீஸ்'. யாரும் எதையும் மாற்றக் கூடாது. மற்றவர்களாக இருந்தால் ஒரு மெயில் போடுவார்கள். குகனோ மாரியம்மன் நோன்புக்குக் கட்டுவது போல, சர்வருக்கே மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டி, தேங்காய் உடைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள், துணியை ஆவியில் அழுத்தித் தேய்க்கிற உருளை மெஷினை ஓட்டும் சகாயராஜ் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன்.

"சார், சிவப்புப் பட்டன அமுக்குனா உருளை உடனே நிக்க மாட்டேங்கு. திருத்தம் ரெடியா இருக்காம்லா? போட்டு விடுங்க."

"காப்புக் கட்டியாச்சுங்க தம்பி. அவுக்கற வரைக்கும் ஒரு புள்ளிகூட மாறாதுங்க. உலகம் பூரா இதுதான் பாலிசி."

ஆபத்தான கோளாறுக்கு விலக்கு உண்டென்று அந்தப் பாலிசியிலேயே இருந்தது. எழுதியவரும் குகன்தான்.

"மெஷினுக்குக் கட்டிட்டிய. எங் கைக்கு யாரு சார் கட்டுவா?" சிரித்துக்கொண்டே போனான்.

அந்த வாரமே உருளை அவன் வலக்கையை இழுத்தது. இடக்கையால் பட்டனை அமுக்கினான்... நிற்கவில்லை. வலக்கை முழங்கையோடு போயிற்று. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

"ஏனுங்க குகன், திருத்தம் ஏதாச்சும் பாக்கி இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"இல்லீங்க."

அப்படிச் சொன்ன பிறகு எந்த முகத்தோடு திருத்தத்தை அனுப்புவது? அதே மெஷினில் இப்போது ஒச்சாயி என்றொரு பெண் நின்றாள். அவள் கை உருளைப் பக்கம் போகிறபோதெல்லாம் குகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இரவுதான் பின்சீட் அமுங்கியது. ஈரமாக ஏதோ ஒன்று அவர் மணிக்கட்டைச் சுற்றியது... இறுகியது. பைக்கைத் திருப்பினார். சர்வர் ரூமைத் திறந்து, எல்லா மெஷினுக்கும் திருத்தத்தை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

சர்வரில் காப்பு இல்லை.

தொழிலாளர் நலன் கருதி ஃப்ரீஸைத் தளர்த்தியதற்காக மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். முழுக்கைச் சட்டை போட்டுப் போய் வாங்கிக்கொண்டார்.

கயிறு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. கத்தரித்துப் போடுவார், விடிந்தால் இருக்கும். பச்சை மஞ்சள் வாசத்தோடு, ஈரமாக. அனுப்ரியா கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். ஒற்றைக் கையால் போட்ட முடிச்சாம். மறுமுனையை இழுத்துப் பிடித்த இடத்தில்...

பல் பதிந்த தடம்.