சாப்பிட்டுவிட்டு வந்து சோதிக்கச் சொன்னவருக்கு

ஊசி முனையில் உறுதியும், உள்ளங்கையில் இதமும், உதட்டோரம் ஒரு கேலியும் கொண்ட எங்கள் ஆய்வகத் தலைவியே! இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இயந்திரம் சொல்வதற்கு முன்பே முகம் மாறும் எங்கள் அக்காவே! வணக்கம்.

இந்த நீரிழிவு மருத்துவமனையில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இயந்திரத்தில் சுழற்றி எடுத்த குழாயில் இரத்தத்துக்கு மேலே நிற்கும் நீர் தேன்போலத் தெளிந்திருந்தால் உங்களுக்கும் மனம் தெளியும். அங்கே கொழுப்பு ஒரு வெள்ளை மேகமாக மிதந்தால், அந்த மனிதர் யார், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பீர்கள். கொழுப்பு அமிலத்தின் அளவைப் பார்க்க எடுத்த இரத்தத்தை வெளியே வைத்தால் அளவு தானாக ஏறிவிடும் என்பதால், "ஐஸ்ல வச்சு ஓடுப்பா, நின்னு கதை பேசாத!" என்று எங்களைத் தாழ்வாரம் முழுக்க விரட்டினீர்கள். ஒற்றை எண்ணை நம்பாதே என்பதே நீங்கள் தந்த பாடம்.

அந்தப் பாடம் உங்கள் மீதே பாய்ந்தது சென்ற ஆண்டு. இதைச் சபையில் படிக்கலாமா என்று கேட்டோம். "படிங்க, யாராவது ஒருத்தர் திருந்தட்டும்" என்றீர்கள். படிக்கிறோம்.

நீங்களும் சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்தான். பணியாளர் சோதனையில் உங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை அவ்வளவு அழகாக இருந்தது. கைதட்டப் போனோம். ஆனால் கொழுப்பு அமிலம் எங்கோ உயரத்தில் நின்றது. ஐஸ் உருகியிருக்கும் என்று நினைத்து மறுபடி எடுத்தோம், அதேதான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையோ வெளியே சொல்ல முடியாத அளவுக்கு அதிகம். உணவு வராதபோது உடல் தன் சேமிப்புக் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவர் நீங்கள்தானே!

"அக்கா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டேனே."

"அதான், என்ன?"

"தண்ணி."

"முந்தாநாள்?"

"அன்னைக்கும் தாகம்தான்பா."

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் இரண்டு நாள் பட்டினி! சோதனைக்காகப் பட்டினி கிடந்து வரும் நோயாளிகளைப் பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் படிக்கிற பிள்ளைகள் என்று திட்டி, "முந்தின ராத்திரி சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிய அதே அக்கா! மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. "மாத்திரையும் போட்டுட்டுப் பட்டினியும் கிடந்தா, சர்க்கரை இறங்கி எங்கயாவது விழுந்திருப்பீங்க. மத்த நாள்ல ஏறிக் கிடக்குற சர்க்கரை கண்ணையும் காலையும் சும்மா விடுமா?" என்றார். அப்போதுதான் மெல்லச் சொன்னீர்கள்: "இன்சுலின் போடச் சொல்லிடுவீங்கன்னு பயம்." ஊருக்கெல்லாம் வலிக்காமல் ஊசி குத்திய கைக்குத் தன் வயிற்றில் குத்தப் பயம். எங்களுக்கும் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள், மருத்துவர் எழுதித் தந்த இன்சுலினின் முதல் ஊசியை நாங்கள் சுற்றி நிற்கப் போட்டுக்கொண்டீர்கள். "இவ்வளவுதானா? இதுக்கா பயந்தேன்?" என்று எங்களையே அதட்டினீர்கள். வேளைக்குச் சாப்பாடு, மாலையில் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி நடை, கூடவே நச்சரிக்க நாங்கள். சர்க்கரை மெல்ல வசத்துக்கு வந்தது. பின்னாலேயே கொழுப்பு அமிலமும் இறங்கியது. உங்கள் இரத்தம் எடுத்த குழாயைச் சன்னலில் பிடித்துப் பார்த்தோம். தெளிவாக இருந்தது. அதைவிட அழகான ஒன்றை இந்த அறையில் நாங்கள் பார்த்ததில்லை.

நாளை முதல் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க நாங்கள் பக்கத்தில் இருக்கமாட்டோம். அதுதான் எங்கள் கவலை. பிரிவின் வருத்தம்கூட அதற்குப் பிறகுதான். ஆகவே நீடூழி வாழ்க என்று வாயால் வாழ்த்திவிட்டு விடமாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் நாற்காலி உங்களுடையது. ஐஸ் தயாராக இருக்கும். ஓடுவதற்குக் கால்களும் இருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள், அக்கா.

முந்தின இரவு சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

என்றும் உங்களால் விரட்டப்பட்ட
ஆய்வகப் பணியாளர்கள்