மறுமுனையில் ஒரு மூச்சு

நான் எப்போது முடிப்பேன் என்று கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வீட்டைப் பூட்டிவிட்டு மனத்தை மட்டும் அடுப்படியில் விட்டுவந்திருக்கும் தாய்மார்களே, எங்கள் யோகா வகுப்பின் தோழியரே, தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான். சான்று கேட்டே பழகியவள். தியானத்தால் தீராத நோயே இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் மெல்ல நழுவிவிடுவேன். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், உங்களிடமும் யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். ஆகவே தத்துவம் வேண்டாம். என் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன்.

அவசர உதவி அழைப்பு மையத்தில் அவளுக்கு வேலை. தீயா, திருட்டா, மாரடைப்பா? முகவரி வாங்குவாள், உரிய இடத்துக்குத் திருப்பிவிடுவாள். வண்டி போய்ச் சேர்ந்ததா? அந்த உயிர் பிழைத்ததா? அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்.

எங்கள் வகுப்பில் அவள் உடம்பு வில்லாய் வளையும்; தலைகீழாய் நின்றால் தூணாய் நிற்கும். ஆனால் கண்ணை மூடி உட்காரச் சொன்னால்? பாதியில் எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, மாசக் கடைசியோட வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"நேத்து ஒருத்தர் விலாசம் சொல்றாரு, என் காதுல பழைய குரல் ஒண்ணு கேக்குது. திரும்பச் சொல்லுங்கன்னேன். அவரு அழுதுட்டாரு. இங்க வந்து கண்ண மூடினாலும் போன்ல பேசினவங்க எல்லாரும் வந்துடறாங்க."

"வந்தா என்ன பண்ணுவே?"

"திருப்பிவிடுவேன். அடுத்தது, அடுத்ததுன்னு."

"தியானத்துலயும் டூட்டி பாக்குறவ நீ ஒருத்திதான்டி."

அவள் சிரிக்கவில்லை. நான் விடாமல் கேட்டேன்: "சரி, போன எடுத்ததும் முதல்ல எதக் கேப்பே?"

"மூச்சத்தான். பேச்சு பதறும், மாத்திச் சொல்லும். மூச்ச வச்சுத்தான் ஆபத்து எவ்வளவு கிட்டன்னு தெரியும்."

"உன் மூச்ச என்னைக்காவது கேட்டிருக்கியா?"

"உனக்குக் கண்ண மூடினா குறட்டை வரும். நீ எனக்குச் சொல்ல வந்துட்டே."

உண்மைதான். எங்கள் ஆசிரியை மேடையிலேயே தலையாட்டுகிறார், பாருங்கள்.

ஆனால் அடுத்த வகுப்பில் அவள் எழுந்து போகவில்லை. போனின் மறுமுனையில் இருப்பதும் தான்தான் என்று வைத்துக்கொண்டாளாம். 'சொல்லுங்க, லைன்லதான் இருக்கேன்.' அவ்வளவே. வந்த குரல்களை வரவிட்டாள். பார்த்தறியாத முகங்களை வரவிட்டாள். எதையும் திருப்பிவிடாமல் மூச்சை மட்டும் கேட்டாள். மனம் நழுவியது, மறுபடி மூச்சு. மீண்டும் நழுவியது, மீண்டும் மூச்சு. ஒன்றிலேயே மனத்தை நிறுத்துவது தாரணை. நின்ற மனம் நீரொழுக்காய் நீண்டால் தியானம். கண் திறந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

மாதம் முடியும் தறுவாயில் ஓர் அழைப்பு. பேச்சே இல்லை. பேச்சில்லாத அழைப்பை, யாரோ விளையாடுகிறார்கள் என்று துண்டிப்பது அங்கே வழக்கம். இவளுக்கோ மூச்சு கேட்டது. அடக்கி அடக்கி விடுகிற மூச்சு. "பேச வேணாம். மூச்சு மட்டும் விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். நெடுநேரம் கழித்து ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாய், ஒரு முகவரி சொன்னது. வண்டி விரைந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்கிறீர்களா, அம்மா? தெரியாது. அவளுக்கும் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாள். அந்த மூச்சும் வந்தது. அதை அவள் திருப்பிவிடவில்லை, அதனோடு உட்கார்ந்திருந்தாள்.

யோகம் துயரத்தைத் துடைக்குமா? சான்று என்னிடம் இல்லை. துயரம் எதிரே வந்து அமரும்போது எழுந்து ஓடாத மனத்தைத் தருமா? தரும், கண்ணால் கண்டேன். உடம்பை வளைத்தோம், உயர்த்தினோம், உறுதியாக்கினோம். இனி உள்ளமும் சற்றே உட்காரட்டும்.

தங்கை ஏன் வரவில்லை என்று வாசலிலேயே பலர் கேட்டீர்கள். அந்த மாதம் முடிந்து மாதங்கள் பல ஆகிவிட்டன. இந்த நேரம் அவள் அதே பணியில்தான் இருக்கிறாள். எங்கோ மணி அடிக்கிறது. எடுக்கிறாள். முதலில் மூச்சைக் கேட்கிறாள்.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.