ஆஸ்பத்திரிக்கு ‘சீ’

காலை ஏழு இருபதுக்கு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறியதும், முன் இருக்கையில் ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் கண்ணில் பட்டார்கள். மூத்தவருக்கு நூலகத்தில் வேலை, இளையவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“சான்றிதழுக்கு யாராச்சும் சந்தனப் பொட்டு வைப்பாங்களா அக்கா?” என்று இளையவர் கேட்டார்.

மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கின்றன என்று பார்த்து, பொதுக் கட்டடங்களுக்குத் தரம் போட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். நூலகத்துக்கு ‘ஏ’, ஆஸ்பத்திரிக்கு ‘சீ’.

“எங்களுக்குக் கெடச்சுச்சு, வச்சோம். ஒனக்கு ஏன் புள்ள எரியுது?”

“நாலு மணிக்குப் பூட்டிட்டுப் போற கட்டடத்துக்கு ‘ஏ’. ராவெல்லாம் தொறந்து கெடக்குற எங்களுக்கு ‘சீ’. அதையும் வாசல்லயே மாட்டணுமாம். வர்றவங்க எல்லாம் நாங்க என்னமோ திருடுன மாதிரி பார்க்குறாங்க.”

“பிரசவ வார்டுல இருக்குற ஹீட்டர நிப்பாட்டுங்க. ஒங்களுக்கும் ‘ஏ’ வரும்.”

“நிப்பாட்டிறலாம். நேத்துப் பொறந்த ஒங்க பேத்திதான் அதுக்குப் பக்கத்துல படுத்திருக்கா.”

மூத்தவர் மடியிலிருந்த சுடுதண்ணிப் போத்தலின் மூடியை இறுக்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் இறங்கினார்கள். கதவருகே சான்றிதழ் மாட்டியிருந்தது. அதில் தர எழுத்து இருக்கவேண்டிய இடத்தை மறைத்து ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்கியது.